‘இனி மரம் வேண்டியதில்லை’: முப்பது வருடங்கள் பிந்திய ஒரு திருத்தம்

அண்மையில் பழைய பத்திரிகை நறுக்குகள் அடங்கிய பெட்டியொன்றைத் துப்புரவு செய்தபோது, பழுப்பேறிய ஒரு துண்டு கையில் அகப்பட்டது. 1994 பெப்ரவரியில் நான் மொழிபெயர்த்த வெளிநாட்டுச் செய்தி அது. அப்போது நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் சேர்ந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. இரவுக் கடமை. செய்தி முகவரகம் அனுப்பிய ஆங்கிலச் செய்தியை நான்கு பந்திகளாகச் சுருக்கி, தலைப்பையும் நானே இட்டிருந்தேன்: ‘புற்றுநோய் மருந்து ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டது, இனி மரம் வேண்டியதில்லை’.

செய்தி வெளியான மறுநாள் அலுவலகத்திற்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் யாழ்ப்பாணத்தவர் என்பது குரலிலேயே தெரிந்தது. கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்து, மனைவியை மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்திருந்தார். சூலகத்தில் புற்று. “தம்பி, மரம் வேண்டாமெண்டு எழுதியிருக்கிறியள். அப்ப மருந்து மலிவாய் வருமெல்லோ? இங்க எப்ப வரும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. “விசாரித்துச் சொல்கிறேன், ஐயா” என்றேன். அவர் தங்கியிருந்த இடத்தில் தொலைபேசி இல்லை. தாமே மீண்டும் எடுப்பதாகச் சொன்னார். எடுக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

பத்திரிகைத் தொழிலில் ‘திருத்தம்’ என்று ஒரு சிறிய பகுதி உண்டு. பெயர் மாறிவிட்டால், படம் மாறிவிட்டால், தொகை பிழைத்துவிட்டால் மறுநாள் இரண்டு வரி போட்டு வருந்துவோம். ஆனால் ஒரு செய்தியிலிருந்து நாம் தவறான முடிவை எடுத்து அதைக் கொட்டை எழுத்தில் வாசகருக்குக் கொடுத்துவிட்டால், அதற்குத் திருத்தம் போடுவது அரிது. நான் மொழிபெயர்த்த செய்தி சரி. நான் இட்ட தலைப்பின் பின்பாதி பிழை. அது ஏன் பிழை என்பதை அறிய எனக்குப் பல வருட வாசிப்பு தேவைப்பட்டது. அந்த வாசிப்பின் சாரமே இக்கட்டுரை.

ஒரு மரப்பட்டையின் வரலாறு

அந்த மருந்தின் பெயர் டக்சோல். வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் மிக மெதுவாக வளரும் ‘பசிபிக் யூ’ என்ற ஊசியிலை மரத்தின் பட்டையிலிருந்து அது பெறப்பட்டது. மரவியாபாரிகளுக்கு அம்மரத்தால் பயனில்லை. பெரிய மரங்களை வெட்டியபின், மிஞ்சிய குப்பையோடு குப்பையாக அதனையும் எரித்துவிடுவது வழக்கம்.

1960களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் பொருட்களைத் தாவரங்களில் தேடும் பெரிய திட்டமொன்றை விவசாயத் திணைக்களத்துடன் சேர்ந்து நடத்தியது. அத்திட்டத்தின் கீழ் 1962 ஓகஸ்டில் ஆதர் பார்க்லே என்ற தாவரவியலாளர் வொஷிங்டன் மாநிலத்தின் கிஃபர்ட் பிஞ்சோட் தேசிய வனத்தில் இம்மரத்தின் பட்டையைச் சேகரித்தார். ஆயிரக்கணக்கான மாதிரிகளுள் அதுவும் ஒன்று. வட கரோலினாவில் மன்றோ வோல் என்பவரும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானி என்பவரும் அப்பட்டையிலுள்ள செயற்பொருளைப் பிரித்தெடுத்து, அதன் மூலக்கூற்று அமைப்பை 1971 இல் வெளியிட்டனர்.

அதன்பின் சில வருடங்கள் அப்பொருளைப் பெரிதாக எவரும் கவனிக்கவில்லை. 1979 இல் நியூயோர்க்கின் அல்பேர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் சூசன் ஹோர்விட்ஸ் என்ற பெண் விஞ்ஞானி, அது எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைக் கண்டறிந்தபோதே நிலைமை மாறியது. ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது அதனுள் நுண்ணிய குழாய்களாலான சாரம் ஒன்று கட்டப்பட்டு, வேலை முடிந்ததும் கழற்றப்படுகிறது. டக்சோல் அச்சாரத்தைக் கழற்ற விடுவதில்லை. கட்டிய சாரத்திலேயே சிக்கி, பிரிய முடியாமல் கலம் மடிகிறது. இவ்விதம் தொழிற்படும் மருந்தை அதற்குமுன் எவரும் கண்டதில்லை.

1989 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. வேறு மருந்துகளுக்கு மசியாத சூலகப் புற்றுநோயாளரில் சுமார் 30 சதவீதமானோருக்கு இம்மருந்து பயனளித்திருந்தது. 1992 டிசம்பரில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது. 1994 இல் மார்பகப் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது.

இவ்விடத்தில்தான் சிக்கல் ஆரம்பித்தது. பட்டையில் இம்மருந்து இருக்கும் அளவு மிகமிகச் சொற்பம். வோலும் வானியும் முதன்முதலில் 12 கிலோ உலர்ந்த பட்டையிலிருந்து பெற்றது ஏறத்தாழ அரைக் கிராம். பட்டையை உரித்தால் மரம் இறந்துவிடும். ஒரு நோயாளியின் சிகிச்சைக்கு முதிர்ந்த மரங்கள் இரண்டு மூன்றாவது தேவை என்று அந்நாட்களில் கணக்கிடப்பட்டது. மறுபுறம், அக்காடுகளில் வாழும் புள்ளி ஆந்தை 1990 இல் அழிவாபத்துக்குட்பட்ட இனமாக அறிவிக்கப்பட்டு, காடு வெட்டுவதற்கு எதிரான போராட்டம் உச்சத்தில் இருந்தது. நோயுற்ற பெண்களா, மரமா என்று பத்திரிகைகள் எழுதின. 1992 இல் அமெரிக்க காங்கிரஸ் பசிபிக் யூ மரத்துக்கென்றே தனிச்சட்டம் ஒன்றை நிறைவேற்ற நேர்ந்தது.

இப்பின்னணியில்தான் 1994 பெப்ரவரிச் செய்தி வந்தது. ரொபேர்ட் ஹோல்டன், நிக்கொலாவு ஆகியோர் தலைமையிலான இரு அமெரிக்க ஆய்வுக்குழுக்கள், மரத்தின் துணையின்றி, எளிய இரசாயனப் பொருட்களிலிருந்தே டக்சோல் மூலக்கூறை முழுமையாகக் கட்டியெழுப்பிவிட்டன. இரசாயனவியலில் அது பெரும் சாதனை. நான் இட்ட தலைப்பும் அதைத்தான் சொல்ல முயன்றது. ஆனால் அவ்வழி ஏறத்தாழ நாற்பது படிகளைக் கொண்டது. ஒவ்வொரு படியிலும் சிறிது சிறிதாக இழந்து, இறுதியில் மிஞ்சுவது சொற்பமே. இன்றுவரை எந்த நோயாளிக்கும் அவ்வழியால் மருந்து தயாரித்துக் கொடுக்கப்படவில்லை.

உண்மையில் மருந்துத் தட்டுப்பாட்டைத் தணித்தது வேறொரு வழி. ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் டக்சோலின் அரைகுறை வடிவம் போன்ற ஒரு பொருள் தாராளமாக இருப்பதை பிரான்சில் பியர் பொட்டியே குழுவினர் கண்டிருந்தனர். இலையைப் பறித்தால் மரம் சாகாது, மீண்டும் தளிர்க்கும். அப்பொருளை எடுத்து, மீதியை ஆய்வுகூடத்தில் ஒட்டிச் சேர்க்கும் முறையை மேற்சொன்ன அதே ஹோல்டன் வகுத்திருந்தார். 1990களின் நடுப்பகுதியில் பெருநிறுவனம் கைக்கொண்டது இம்முறையையே. அப்போதும் மரம் தேவைப்பட்டது. அதன் இலை தேவைப்பட்டது.

எனது தலைப்புச் சொன்னதற்கு மிக அருகில் வந்தது, நான் அன்று அறிந்திராத மூன்றாவது வழியொன்றாகும். மரத்திலிருந்து சில கலங்களை மட்டும் எடுத்து, பெரிய தொட்டிகளில் சீனிக் கரைசலில் வளர்த்து, அக்கலங்களிடமிருந்தே மருந்தைப் பெறும் வழி. அதன் வரலாறு டக்சோலுக்கு மிகவும் முந்தியது. அதில் தென்னைக்கும் ஒரு பங்குண்டு.

இளநீரும் கரட்டும்

1902 இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் பணியாற்றிய கொட்லிப் ஹபர்லான்ட் என்ற தாவரவியல் பேராசிரியர் ஓர் அசாதாரணமான எண்ணத்தை முன்வைத்தார். தாவரத்தின் ஒவ்வொரு கலமும் தன்னளவில் ஓர் உயிர். தகுந்த உணவூட்டினால் தனிக்கலத்திலிருந்தே முழுச்செடி உருவாகலாம் என்பதே அது. நமது குளங்களை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையின் இலைக்காம்பு உட்படப் பல தாவரங்களிலிருந்து கலங்களைப் பிரித்துப் போசணைக் கரைசலில் இட்டுப் பார்த்தார். கலங்கள் சில வாரங்கள் உயிரோடிருந்தன. ஆனால் ஒன்றுகூட இரண்டாகப் பிரியவில்லை. தோல்வியை ஒளிக்காமல் எழுதிய அவர், கருவைச் சூழ்ந்திருக்கும் திரவத்தைச் சேர்த்துப் பார்ப்பது பயன்தரலாம் என்ற யோசனையையும் விட்டுச்சென்றார்.

அந்த யோசனை பலித்தது ஏறத்தாழ நாற்பது வருடங்களின் பின்னர். 1941 இல் வான் ஓவர்பீக் என்பவரும் அவரது சகாக்களும் அமெரிக்காவில் ஊமத்தை விதையின் இளங்கருக்களை வளர்ப்பதற்குத் தேங்காய்க்குள் இருக்கும் நீரைப் பயன்படுத்தினர். தேங்காயின் நீர் என்பது வேறொன்றுமல்ல, இயற்கை தென்னங்கருவுக்கென்று வைத்திருக்கும் உணவு. ஊமத்தங் கருவும் அதை ஏற்றுக்கொண்டது. பின்னர் ஸ்ருவேட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அதே தேங்காய் நீரைக் கொண்டு கரட் கிழங்கின் சிறு துண்டுகளை வளர்த்தார். 1958 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் அறிவித்த செய்தி ஹபர்லான்டின் கனவை மெய்ப்பித்தது. திரவத்தில் மிதந்த கரட் கலங்கள் கருவைப்போல் உருவெடுத்து, முழுக் கரட் செடிகளாயின. ஜேர்மனியில் ரைனேட் என்பவரும் அதே காலத்தில் அதே முடிவை எட்டினார்.

இதற்கிடையில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்கூக், மில்லர் ஆகியோர் மற்றொரு பூட்டைத் திறந்திருந்தனர். இருவகைத் தாவர ஓமோன்களின் விகிதத்தை மாற்றினால் கலங்கள் வேராகவும் மாறும், தளிராகவும் மாறும். இரண்டும் சமநிலையில் இருந்தால் எதுவுமாகாமல் வெறும் கலத்திரளாகப் பெருகும் என்று 1957 இல் காட்டினர். அக்கலத்திரளைப் பிரித்துத் திரவத்தில் இட்டு இடைவிடாது அசைத்துக்கொண்டிருந்தால் அது முடிவின்றிப் பெருகும். இனி மூலிகைத் தோட்டமே வேண்டாம், தொட்டி போதும் என்ற நம்பிக்கை அக்காலத்திலேயே பிறந்துவிட்டது.

ஆனால் கலங்கள் ஒத்துழைக்கவில்லை. அவை பெருகின, மருந்தை மட்டும் உண்டாக்கவில்லை. காரணத்தை இன்று எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒரு செடி தனக்கு மருந்தாக எதையும் செய்வதில்லை. புழு கடிக்கும்போது, பூஞ்சணம் தாக்கும்போது, குறித்த பருவத்தில், குறித்த உறுப்பில், தன்னைக் காத்துக்கொள்ளவே அது அப்பொருட்களை உண்டாக்குகிறது. சீனியும் உப்பும் குறைவின்றிக் கிடைக்கும் தொட்டியில், எதிரியே இல்லாத இடத்தில், கலம் எதற்காக ஆயுதம் செய்யவேண்டும்?

ஊதா வேரின் வெற்றி

இந்த முட்டுக்கட்டையை முதலில் தாண்டியவர்கள் ஜப்பானியர். அவர்கள் தெரிவுசெய்தது ‘முரசாகி’ என்ற சிறு செடி. அதன் ஊதா நிற வேர் காயங்களுக்கு மருந்து, துணிக்குச் சாயம். பண்டைய ஜப்பானிய அரசவையில் ஊதா உயர்பதவியின் நிறம். அவ்வேரின் நிறப்பொருளான சிகோனினின் அமைப்பை ஆராய்ந்து 1918 இல் வெளியிட்டவர் குரொடா சிகா என்ற பெண்மணி. ஜப்பானில் விஞ்ஞானப் பட்டம் பெற்ற முதற் பெண்கள் மூவரில் அவரும் ஒருவர்.

முரசாகி ஜப்பானில் அருகிப்போயிற்று. வேர் முற்றுவதற்கு வருடக்கணக்காகும். முற்றிய வேரிலும் உலர் நிறையில் ஓரிரு சதவீதமே சிகோனின். வேரைச் சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் இறக்குமதி செய்யவேண்டியிருந்தது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தபாத்தா மாமொருவும் அவரது குழுவினரும் 1970களில் இச்செடியின் கலங்களை வளர்க்கத் தொடங்கினர். அவர்கள் செய்தது, கலங்களின் விருப்பு வெறுப்புக்களைப் பொறுமையாகக் கேட்டறிந்ததுதான். வெளிச்சம் பட்டால் சிகோனின் உண்டாகவில்லை; வேர் இருட்டில் வாழ்வதல்லவா? நைதரசனை அமோனியம் வடிவில் கொடுத்தால் உண்டாகவில்லை. நைத்திரேற்று வடிவில் கொடுத்தால் உண்டாயிற்று. வளர்ச்சிக்கு உகந்த கரைசல் வேறு, நிறத்துக்கு உகந்த கரைசல் வேறு.

ஆகவே அவர்கள் இரண்டு தொட்டிகள் வைத்தனர். முதலாவதில் கலங்கள் உண்டு பெருகும். பின்னர் அவற்றை இரண்டாவது தொட்டிக்கு மாற்றினால், வளர்ச்சியை விட்டுச் சிகோனின் உண்டாக்கத் தொடங்கும். 1983 இல் மிற்சுயி பெற்றோ இரசாயன நிறுவனம் இதனை வர்த்தக ரீதியில் ஆரம்பித்தது. இரண்டாவது தொட்டியின் கொள்ளளவு 750 லீற்றர். வயலில் வருடங்கள் பிடித்தது தொட்டியில் சில வாரங்களில் முடிந்தது. உலர் நிறையில் சிகோனின் பத்துச் சதவீதத்தைத் தாண்டியது. கனெபோ நிறுவனம் அந்நிறத்தைக் கொண்டு உதட்டுச்சாயம் செய்து விற்றது. தாவரக் கலவளர்ப்பில் பிறந்து கடைக்கு வந்த முதற்பொருள் உயிர்காக்கும் மருந்தன்று, ஒப்பனைப் பொருள் என்பதில் ஒரு பாடம் உண்டு. தொட்டிச் செலவு அதிகம். அதைத் தாங்கக்கூடிய விலை எங்கே கிடைக்கிறதோ அங்கேயே அது முதலில் செல்லும்.

அதே ஜப்பானியர் கொப்டிஸ் என்ற மூலிகையின் கலங்களிலிருந்து பேர்பெரின் என்ற மஞ்சள் நிறப் பொருளையும் ஏராளமாகப் பெற்றுக் காட்டினர். அப்பொருளே நமது மரமஞ்சளின் நிறத்துக்கும் குணத்துக்கும் காரணம். சிங்கள மக்கள் ‘வெனிவெல்’ என்றழைத்து அவித்துக் குடிக்கும் கொடி அதுதான். மெதுவாக வளரும் அக்கொடி இன்றும் காட்டில் வெட்டியே எடுக்கப்படுகிறது. பேர்பெரினைத் தொட்டியில் செய்யத் தெரியாததால் அல்ல. காட்டில் வெட்டுவது தொட்டியைவிட மலிவு என்பதால்.

பட்டிப்பூவின் மறுப்பு

ஜப்பானியர் வென்ற அதே காலத்தில், உலகின் பல ஆய்வுகூடங்கள் வேறொரு செடியிடம் தோற்றுக்கொண்டிருந்தன. அச்செடியை அறியாத தமிழர் இலர். நாம் பட்டிப்பூ என்போம். நித்தியகல்யாணி என்றும் சொல்வோம். தமிழகத்தில் சுடுகாட்டுமல்லி என்ற பெயரும் உண்டு. மடகாஸ்கர் தீவு அதன் தாயகம்.

1952 இல் ஜமேய்க்காவிலிருந்து கனடாவுக்கு ஒரு கடித உறையில் இச்செடியின் இலைகள் வந்துசேர்ந்தன. நீரிழிவுக்கு அங்குள்ள மக்கள் இதனைக் குடிக்கிறார்கள் என்ற குறிப்புடன் அவை ரொபேர்ட் நோபிள் என்ற மருத்துவ விஞ்ஞானியின் கைக்குக் கிடைத்தன. அவரும் சார்ள்ஸ் பியரும் இலைச்சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். சீனி குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. வெள்ளை அணுக்கள் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய் என்ற எண்ணம் அவர்களுக்கு உதித்தது. அவர்கள் பிரித்தெடுத்த வின்பிளாஸ்ரின் 1958 இல் அறிவிக்கப்பட்டது. எலி லில்லி நிறுவனமும் தனியே அதே பாதையில் சென்றது. அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்ரின் 1963 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் தவிர்க்கமுடியாத மருந்தாயிற்று. இவை யூ மரத்து மருந்துக்கு நேரெதிர்: அது சாரத்தைக் கழற்ற விடாது, இவை சாரத்தைக் கட்டவே விடா.

இவற்றிலும் ஒரு கிராம் பெறுவதற்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஆகவே பட்டிப்பூவின் கலங்களைத் தொட்டியில் வளர்க்கப் பல நாடுகளில் முயன்றனர். கலங்கள் வளர்ந்தன, வேறு பல சேர்மங்களைத் தந்தன, வின்பிளாஸ்ரினின் ஒரு பாதியைக்கூடத் தந்தன. மறுபாதியை மட்டும் தரவில்லை.

காரணம் 1990களின் இறுதியில் தெளிவாயிற்று. வின்டொலின் எனப்படும் அந்த மறுபாதியை எந்த ஒரு கலமும் தனியே செய்வதில்லை. இலையின் நரம்பை அண்டிய கலங்கள் வேலையைத் தொடங்குகின்றன. மேற்றோல் கலங்கள் அதனைத் தொடர்கின்றன. பால் சுரக்கும் சிறப்புக் கலங்கள் கடைசிப் படிகளை முடிக்கின்றன. வெளிச்சமும் வேண்டும். ஒரு பத்திரிகையை நிருபரும் உதவி ஆசிரியரும் அச்சுக்கோப்பவரும் சேர்ந்து உருவாக்குவது போன்றது அது. தொட்டியில் இருந்ததோ, எல்லோரும் ஒரே முகங்கொண்ட கூட்டம். இலை என்ற ஒழுங்கு இல்லாத இடத்தில் அந்த மருந்து இல்லை.

ஆகவே இம்மருந்துகளுக்கு இன்றும் வயலே ஆதாரம். தமிழகத்தின் தென்மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் இச்செடி பயிரிடப்பட்டு, இலையும் வேரும் மருந்துத் தொழிலுக்கு அனுப்பப்படுகின்றன. எங்கோ ஒரு குழந்தையின் நாளத்தில் ஏறும் மருந்துக்குப் பின்னால், மழையை எதிர்பார்த்து நிற்கும் ஒரு விவசாயி இருக்கிறார்.

தொட்டியில் பிறந்த மருந்து

யூ மரத்தின் கலங்கள் பட்டிப்பூவைப்போல் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1991 இலேயே அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள் யூ மரக் கலவளர்ப்பிலிருந்து டக்சோல் பெறும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். நான் தலைப்பு எழுதுவதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர்! ஸ்ருவேட்டின் கரட் வளர்ந்த கோர்னெல் பல்கலைக்கழகம் அமைந்துள்ள அதே இத்தாகா நகரில் பைற்றன் என்ற சிறு நிறுவனம் 1990 முதல் இவ்வேலையில் இறங்கியிருந்தது.

வேலை எளிதன்று. பற்றீரியா அரைமணி நேரத்துக்குள் இரட்டிக்கும். தாவரக் கலம் இரட்டிக்க நாட்கள் பிடிக்கும். ஆகவே ஒரேயொரு பற்றீரியா தொட்டிக்குள் புகுந்தாலும் சில நாட்களில் அத்தனை உழைப்பும் பாழ். கலங்கள் பெரியவை, வேகமாகக் கலக்கினால் கிழிந்துபோகும், மெதுவாகக் கலக்கினால் காற்றின்றி மூச்சுத்திணறும். போதாக்குறைக்கு, நன்றாக மருந்து தந்த கலவரிசையொன்று நாளடைவில் காரணமின்றி மறந்தும் போய்விடும்.

கலங்களுக்கு நினைவூட்டும் வழியொன்றை 1996 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். மல்லிகை இனப் பூக்களின் எண்ணெயில் மணம்தரும் பொருட்களுள் ஒன்று மெதைல் ஜஸ்மொனேற்று. காயம்பட்ட தாவரங்கள் ‘ஆபத்து’ என்று அறிவிக்கும் சமிக்ஞையும் அக்குடும்பத்துப் பொருளே. அதைச் சிறிதளவு தொட்டியில் இட்டதும், தாக்கப்படுகிறோம் என்று கருதிய யூ கலங்கள் ஆயுதம் செய்யத் தொடங்கின. டக்சோல் பன்மடங்கு பெருகியது.

2002 அளவில் பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் தனது டக்சோல் தயாரிப்பை முழுமையாகக் கலவளர்ப்புக்கு மாற்றிக்கொண்டது. ஜேர்மனியின் ஆரன்ஸ்பேர்க் நகரில், 75,000 லீற்றர் வரை கொள்ளும் தொட்டிகளில் யூ கலங்கள் வளர்ந்தன. அவற்றின் உணவு சீனி, அமினோ அமிலம், விற்றமின்கள், சுவட்டு மூலகங்கள். முந்திய அரைச்செயற்கை முறையில் 11 இரசாயன மாற்றங்கள் தேவைப்பட்டன. புதியதில் கலங்களே மருந்தை முழுதாகச் செய்து தந்தன. முதல் ஐந்து வருடங்களில் மட்டும் சுமார் 32 தொன் ஆபத்தான இரசாயனங்கள் தவிர்க்கப்படும் என மதிப்பிட்டு, அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் 2004 இல் இம்முறைக்குப் பசுமை இரசாயன விருதை வழங்கியது. தென் கொரிய நிறுவனமொன்றும் இதேபோல் கலவளர்ப்பில் மருந்து தயாரித்தது.

ஹபர்லான்ட் தோல்வியை எழுதிவைத்ததிலிருந்து சரியாக நூறு வருடங்கள்.

காடு என்னவாயிற்று?

அப்படியானால் எனது தலைப்பு எட்டு வருடங்கள் முந்திக்கொண்டதேயன்றிப் பிழையல்லவே என்று சில வாசகர் கேட்கலாம். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பின்னர் இமயமலைச் செய்திகளை வாசித்தேன்.

அமெரிக்காவில் பட்டை உரிப்பது நின்றபோது, கோடரி ஆசியாவுக்கு வந்தது. உலகெங்கும் மருந்துக்கு ஏற்பட்ட கேள்வி, இமயமலைச் சாரலிலும் சீனாவின் யுனான் மாகாணத்திலும் நின்ற யூ மரங்களின் மீது விழுந்தது. வடஇந்தியாவில் தாளிசபத்திரி என்ற பெயரில் நெடுங்காலமாக இருமலுக்கு விற்கப்பட்ட இலைகளுள் இம்மரத்தின் இலையும் ஒன்று. இலை பறித்த காலமெல்லாம் நின்ற மரம், பட்டைக்கு விலை வந்ததும் நிற்கவில்லை. இமயத்து யூ மரம் 1995 முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பத்து வருடங்களின் பின் வேறு ஆசிய யூ இனங்களும் சேர்ந்தன. 2011 இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் இமயத்து யூவை அழிவின் விளிம்பில் உள்ள இனங்களுள் ஒன்றாக அறிவித்தது. அதாவது, ‘இனி மரம் வேண்டியதில்லை’ என்று நான் எழுதிய வருடங்களிலேயே மரங்கள் மிக மோசமாக வெட்டப்பட்டன. ஆய்வுகூடம் கண்டுபிடித்துவிட்டது என்ற செய்தி காட்டைக் காப்பாற்றவில்லை.

மருந்தின் விலையையும் ஆய்வுகூடம் தீர்மானிக்கவில்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்தை ஒரு தனியார் நிறுவனம் அதிக விலைக்கு விற்கலாமா என்று அமெரிக்க காங்கிரசிலேயே கேள்வி எழுந்தது. டக்சோல் என்ற பெயரே அந்நிறுவனத்தின் வர்த்தகப் பெயராகி, விஞ்ஞானிகள் பக்லிடக்செல் என்ற புதுப்பெயருக்கு மாறவேண்டியிருந்தது. 2000 ஆம் ஆண்டுக்குப் பின் ஏனைய நிறுவனங்களும் பொதுப்பெயரில் தயாரிக்கத் தொடங்கிய பின்னரே விலை இறங்கியது. இன்று சந்தையிலுள்ள பக்லிடக்செல் எல்லாம் தொட்டியில் பிறந்ததன்று. ஒரு பகுதி இன்றும் தோட்டத்து யூ இலைகளிலிருந்தே வருகிறது.

அறிவியல் நின்றுவிடவில்லை. 2022 இல் கலிபோர்னியாவின் ஜே கீஸ்லிங் குழுவினர், பட்டிப்பூவின் முப்பது நொதியப் படிகளை மதுவக் கலங்களுக்குள் புகுத்தி, வின்பிளாஸ்ரினின் இரு பாதிகளையும் பெற்று இணைத்துக் காட்டினர். 2025 இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் யூ மரத்தின் மரபணுக்களைப் புகையிலையின் உறவுச் செடியொன்றுக்குள் செலுத்தி, டக்சோலின் முன்பொருளை உருவாக்கினர். இனி இலையும் வேண்டாம், மரத்தின் கலமும் வேண்டாம் என்ற தலைப்புகளை இளம் சகாக்கள் இப்போது எழுதுகிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த மதுவத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது பட்டிப்பூ. ஆரன்ஸ்பேர்க்கின் தொட்டியிலிருந்த கோடிக்கணக்கான கலங்களும் எங்கோ நின்ற ஒரு மரத்தின் வழித்தோன்றல்கள். 1962 இல் ஆதர் பார்க்லே செல்வதற்கு முன்னரே அந்த ‘உதவாத’ மரங்கள் முழுவதையும் குப்பையோடு எரித்திருந்தால், தொட்டியில் இடுவதற்கு எதுவும் இருந்திராது. என்ன செய்யவேண்டும் என்றுகூட எந்த இரசாயனவியலாளனுக்கும் தெரிந்திராது. இதுவரை எவரும் ஆராயாத செடிகள் நமது காடுகளிலும் நிற்கின்றன. எவற்றை ‘உதவாதவை’ என்று எரித்துக்கொண்டிருக்கிறோமோ, நாமறியோம்.

முப்பது வருடங்களுக்கு முன் தொலைபேசியில் பேசிய அந்த ஐயாவின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவரது மனைவிக்கு என்னவாயிற்று என்பதும் தெரியாது. அவர் என்னிடம் கேட்டது தாவரவியல் கேள்வியன்று. மருந்து எங்கே உருவானது என்பதல்ல, எப்போது தன் மனைவியின் கட்டிலடிக்கு வந்துசேரும் என்பதே அவரது கேள்வி. அந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அந்தத் தலைப்பு மறைத்துவிட்டது.

ஆகவே, பிந்தியேனும்:

திருத்தம்: 1994 பெப்ரவரியில் வெளியான செய்தியில் ‘இனி மரம் வேண்டியதில்லை’ எனத் தலைப்பிடப்பட்டிருந்தது. மரம் வேண்டும் எனத் திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறேன்.